ரோட்டன்புர்க்கை கைடு இல்லாமல் நடந்து பார்ப்பது: மதில் முதலிலா, சந்தைச் சதுக்கம் முதலிலா?

நடைவண்டி

செப்டம்பர் கடைசி வாரம் ரோட்டன்புர்க் ஓப் டெர் டவ்பர் போகிறோம். வூர்ட்ஸ்புர்க்கிலிருந்து ரயில். மதியம் 12 மணிவாக்கில் சேர்ந்து, ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் மதியம் 2 மணிக்குக் கிளம்ப வேண்டும். நான், 68 வயது அம்மா, 9 வயதுப் பையன். அம்மா சமதளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் நடப்பார், படி என்றால் முழங்கால் ஒத்துழைக்காது. மூவரும் சைவம்.

கேட்க வேண்டியவை: மதில் மேல் நடப்பதை முதலில் வைப்பதா, கடைசியிலா? எங்கே ஏறி எங்கே இறங்குவது? அதற்கு டிக்கெட் உண்டா? ஒரு தளத்தில் யுனெஸ்கோ நகரம் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் பாதி ஊர் போருக்குப் பின் கட்டியது என்கிறார்கள். எது நிஜம்?

மதில்மேல்பூனை

மதிலுக்கு டிக்கெட் கிடையாது, பூட்டும் கிடையாது. எந்நேரமும் ஏறலாம்.

முதலில் ஊரின் அமைப்பு மனதில் பதியட்டும், பிறகு வரைபடமே தேவைப்படாது. நடுவில் மார்க்ட்பிளாட்ஸ் என்ற சந்தைச் சதுக்கம். அதிலிருந்து நாலா பக்கமும் ஒவ்வொரு தெரு. மேற்கே ஹெர்ன்காஸ்ஸ, அதன் முடிவில் புர்க்கார்டன் பூங்கா. கிழக்கே ஹாஃபன்காஸ்ஸ, மார்க்குஸ் கோபுரத்தைத் தாண்டி ரோடர்காஸ்ஸயாகி ரோடர் வாசலில் முடியும். தெற்கே ஷ்மீட்காஸ்ஸ இறங்கி, புளோன்லைன் என்ற கவட்டைத் தெருவைத் தொட்டு ஷ்பிட்டால் வாசல் வரை போகும். வடக்கே கிளிங்கன்காஸ்ஸ, முடிவில் கிளிங்கன் வாசல். சதுக்கத்திலிருந்து வடக்கு, கிழக்கு, மேற்கு எல்லைகள் எதற்கும் 10 நிமிடத்துக்குள் போய்விடலாம். தெற்கு மட்டும் வால் மாதிரி நீளம்.

மதில் ஊரைச் சுற்றி ஏறக்குறைய 4 கிலோமீட்டர். கூரை போட்ட நடைபாதை அதில் சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். மேற்குப் பக்கம் டவ்பர் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்த செங்குத்துச் சரிவு, அங்கே மேல்நடை கிடையாது. ஆக, "மதில் மேலேயே ஊரை ஒரு சுற்றுச் சுற்றலாம்" என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். தெற்கு முனையிலிருந்து கிழக்குப் பக்கமாக வடக்கே கிளிங்கன் வாசல் வரை ஒரு நீண்ட வளைவு, அவ்வளவுதான்.

என் வரிசை: வந்ததும் சாமானை விடுதியில் போட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்கு ரோடர் வாசலில் ஏறுங்கள். தெற்காக நடந்து ஷ்பிட்டால் பக்கம் இறங்குங்கள். பஸ்ஸில் வரும் கூட்டம் காலை 10 முதல் மாலை 4 வரை புளோன்லைன், சதுக்கம், ஹெர்ன்காஸ்ஸ என்ற ஒரே கோட்டில் நெரியும். அந்த நேரத்தில் ஊரில் அமைதியான இடம் மதில்தான். 4 மணிக்கு மேல் சதுக்கத்துக்கு வாருங்கள், ஊரே வேறு முகம் காட்டும்.

யுனெஸ்கோ பட்டியலில் ரோட்டன்புர்க் இல்லை. பாம்பெர்க், ரேகன்ஸ்புர்க் ஆகியவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தண்டவாளம்

ரயில் விஷயம் நான் சொல்லிவிடுகிறேன், இதில் கோட்டை விடுபவர்கள் அதிகம்.

முதலாவது, பெயர். ஜெர்மனியில் ரோட்டன்புர்க் பல உண்டு. ஃபுல்டா ஆற்றங்கரையில் ஒன்று, வும்மெ ஆற்றங்கரையில் ஒன்று, போலந்து எல்லைப் பக்கம் ஒன்று, நெக்கர் ஆற்றங்கரையில் ரொட்டன்புர்க் வேறு. செயலியில் முதலில் வருவதைத் தொட்டால் 300 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்க நேரிடும். டவ்பர் என்ற ஆற்றின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

இரண்டாவது, மாறும் இடம். வூர்ட்ஸ்புர்க்கிலிருந்து நேர் ரயில் இல்லை. ஷ்டைனாஹ் என்ற சின்ன நிலையத்தில் இறங்கி, கிளைப்பாதை ரயிலில் கால் மணி நேரம். மொத்தம் ஒன்றேகால் மணிக்குள் முடியும். கிளை ரயில் மணிக்கு ஒன்று. முதல் ரயில் தாமதமாகி இணைப்பு தவறினால் ஷ்டைனாஹில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியதுதான். அங்கே பொழுதுபோக ஒன்றும் கிடையாது. தண்ணீரும் பையனுக்குக் கொறிக்க ஏதாவதும் வூர்ட்ஸ்புர்க்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநிலத்துக்குள் செல்லும் ஒரு நாள் டிக்கெட். வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் ஏறினால் செல்லாது. சனி, ஞாயிறு நள்ளிரவிலிருந்தே செல்லும். மறுநாள் விடியற்காலை 3 மணியோடு முடிந்துவிடும் என்பதால் உங்களுக்கு இரண்டு நாளைக்கு இரண்டு டிக்கெட். வட்டார ரயில்களில் மட்டுமே செல்லும், ஐசிஇ போன்ற விரைவு ரயிலில் ஏறினால் அபராதம். ஜெர்மனி முழுக்க இன்னும் பல ஊர் சுற்றுவதாக இருந்தால் டாய்ச்லாண்ட் டிக்கெட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் அது மாதச் சந்தா, அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும்.

நிலையத்திலிருந்து ஊருக்கு: வெளியே வந்து இடது பக்கம், பான்ஹோஃப் தெரு முடிவில் வலது பக்கம் அன்ஸ்பாஹர் தெரு. அதில் நேராகப் போனால் ரோடர் வாசல். பத்துப் பன்னிரண்டு நிமிடம். வாசலுக்குள் நுழைந்ததும் பாவுகல் ஆரம்பம். சின்னச் சக்கரப் பெட்டியை அதில் இழுத்தால் சக்கரம் போய்விடும், தூக்கித்தான் ஆக வேண்டும். முடிந்தால் முதுகுப்பை.

வடமராட்சியான்

பூனையார் சொன்ன வரிசையிலை எனக்கு ஒரு மறுப்பு இருக்கு. மதிலை மத்தியானம் வைக்கிறது சனத்துக்குத் தப்பத்தான், அது சரி. ஆனால் வெளிச்சத்தை யோசிக்கேல்லை. மேல்நடை முழுக்கக் கிழக்குப் பக்கம். அதிலை நிண்டு ஊரைப் பாக்கிறதெண்டால் மேற்கைத்தான் பாக்கவேணும். பின்னேரம் வெய்யில் நேரே முகத்திலை அடிக்கும், கூரையெல்லாம் கறுப்பாத்தான் படத்திலை விழும். விடிய எட்டு மணிக்குப் போனால் சூரியன் முதுகுக்குப் பின்னாலை. சிவப்பு ஓடு, தேவாலயத்தின்ரை இரட்டைக் கோபுரம், நகரசபைக் கோபுரம் எல்லாம் வடிவாத் தெரியும். எட்டு மணிக்கு மதிலிலை ஒரு குருவியும் இராது.

இன்னுமொண்டு. நியூரம்பெர்க்கிலை இருந்து போற ஆக்கள் பயர்ன் டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. ரோட்டன்புர்க் நியூரம்பெர்க் போக்குவரத்து வலையத்துக்குள்ளை வருது. டாகஸ் டிக்கெட் பிளஸ் எண்ட ஒருநாள் டிக்கெட் எடுத்தால் ரெண்டு பெரியாக்களும் பிள்ளைகளும் போகலாம். சனிக்கிழமை எடுத்தால் ஞாயிறும் அதே டிக்கெட்தான். அன்ஸ்பாஹ், பிறகு ஷ்டைனாஹ் எண்டு மாறிப் போகவேணும்.

காரிலை வாறவை மதிலுக்கு வெளியிலை பி1 இலை இருந்து பி5 வரை உள்ள தரிப்பிடங்களிலை விடுங்கோ. உள்ளுக்கை கொண்டுபோய் இடம் தேடாதேங்கோ.

மதில்மேல்பூனை

வெளிச்சம் பற்றி அண்ணன் சொல்வது நியாயம். ஆனால் காலை எட்டு மணிக்குள் பார்த்தாக வேண்டிய இடம் புளோன்லைன். இரண்டையும் ஒரே காலையில் அடைக்க முடியுமா என்பதுதான் கேள்வி, முடியும். செப்டம்பர் கடைசியில் சூரிய உதயம் ஏழேகால் மணிவாக்கில். 7.15க்கு புளோன்லைன், 8 மணிக்கு மதில். அப்படியானால் மதிலை இரண்டாக வெட்டுங்கள். முதல் நாள் மதியம் ரோடர் வாசலிலிருந்து தெற்குப் பாதி (கூட்டத்துக்குத் தப்ப), மறுநாள் காலை ரோடர் வாசலிலிருந்து வடக்குப் பாதி (வெளிச்சத்துக்காக). இரண்டும் தனித்தனியே 25 நிமிட நடை, நின்று பார்த்துப் போனால் 45. பையனுக்கும் ஒரே மூச்சில் சலிக்காது.

மேலே எப்படி இருக்கும் என்றால், அகலம் சுமார் ஒரு மீட்டர். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வெளிப்பக்கம் கல் சுவர், அதில் ஓர் அடிக்கு மேல் உயரமான குறுகிய துளைகள். பையன் ஒவ்வொன்றிலும் கண்ணை வைப்பான், நேரம் அதில்தான் போகும். உட்பக்கம் மரக் கைப்பிடி. தலைக்கு மேல் குறுக்கு உத்தரங்கள். ஆறடி ஆள் என்றால் சில இடங்களில் குனியாவிட்டால் நெற்றி வீங்கும். இருட்டான துண்டுகளும் உண்டு. ஏறும் படிகள் கல், நடுவில் தேய்ந்து குழிந்தவை, மழை பெய்தால் வழுக்கும். தள்ளுவண்டிக்கு வழியே இல்லை.

அம்மாவுக்கு: கிழக்குப் பக்கத்தில் பெரும்பாலும் மதிலின் உட்பக்க அடியிலேயே சந்து ஓடுகிறது. நீங்களும் பையனும் மேலே, அம்மா கீழே, பேசிக்கொண்டே போகலாம். வெளிப்பக்கப் பழைய அகழியிலும் புல்லும் மரமுமாகச் சமமான நடைபாதை இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால்தான் மதிலின் உயரம் தெரியும்.

கல்தச்சன்

"பாதி ஊர் போருக்குப் பின் கட்டியது" என்பதற்குப் பதில்.

1945 மார்ச் 31 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. ஊரில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கிட்ட, பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்குப் பகுதி, எரிந்தது. முன்னூறுக்கு மேற்பட்ட வீடுகள், ஒன்பது கோபுரங்கள், அறுநூறு மீட்டருக்கு மேல் மதில். தரைப்படை நெருங்கியபோது பீரங்கியால் அடிக்காமல் சரணடையக் கேட்க வைத்ததில் அன்றைய அமெரிக்கப் போர்த்துறைத் துணைச் செயலர் ஜான் மெக்கிளாய்க்குப் பங்கு உண்டு. ஏப்ரல் 17 அன்று ஊர் கைமாறியது. மேற்கும் தெற்கும் தப்பியது இப்படித்தான்.

எது பழையது, எது புதியது என்று நடந்துகொண்டே கண்டுபிடிக்கலாம். ரோடர் வாசலுக்கும் கால்கன் வாசலுக்கும் இடையில் மதில் மேலிருந்து உள்ளே பாருங்கள். தெருவின் போக்கும் கூரையின் சரிவும் பழைய மாதிரிதான். ஆனால் கூரை முகடு கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும், பூச்சு வழவழப்பு, சன்னல்கள் எல்லாம் ஒரே அளவு, மரச்சட்டம் வெளியே தெரியாது. ஹெர்ன்காஸ்ஸ போனால் முகடு நடுவில் தொய்ந்திருக்கும், ஒரு வீட்டுச் சன்னல் வரிசை பக்கத்து வீட்டோடு ஒட்டாது. நகலெடுக்காமல் எளிமையாகக் கட்டியது நல்ல முடிவு என்பது என் கட்சி. போலி மரச்சட்டம் ஒட்டியிருந்தால் இன்று எதையும் நம்ப முடியாது.

மதில் உட்சுவரில் வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் வரும். மதிலைத் திரும்பக் கட்ட மீட்டர் கணக்கில் பணம் கொடுத்தவர்கள். ஜப்பானியப் பெயர்கள் ஏராளம். பையனை நாடு நாடாக எண்ணச் சொல்லுங்கள்.

ரோடர் கோபுரத்தில் ஏறினால் அந்தக் குண்டுவீச்சு பற்றிய சிறு காட்சி இருக்கிறது. திறந்திருந்தால் ஏறிவிடுங்கள், சின்னக் கட்டணம். என்னைக் கேட்டால் நகரசபைக் கோபுரத்தைவிட இதுவே மேல்.

நடைவண்டி

நகரசபைக் கோபுரம்தான் எல்லாப் பட்டியலிலும் முதலில் வருகிறது. ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

கல்தச்சன்

அதில் நின்றால் அது படத்தில் வராதே!

விளையாட்டு இருக்கட்டும். சுமார் 220 படி. கடைசிப் பகுதி ஏணி மாதிரி, ஒரு சிறு துவாரம் வழியே உடம்பை நெளித்து வெளியே வர வேண்டும். மேலே நிற்கும் இடம் மிகக் குறுகல். ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே ஏணி என்பதால் நடுப்பகலில் காத்திருப்பு அதிகம். பையனோடு ஏறுவதென்றால் திறந்தவுடன் போங்கள். முதுகுப்பையை அம்மாவிடம் விட்டுவிடுங்கள். சில்லறையாக ரொக்கம் கையில் இருக்கட்டும்.

அந்தக் கட்டடத்தையே கவனியுங்கள், இரண்டு கட்டடம் அது. கோபுரம் உள்ள பின்பாதி கோதிக் பாணி. முன்பாதி 1501இல் எரிந்துபோய், 1572இல் தொடங்கி மறுமலர்ச்சிப் பாணியில் எழுப்பியது. எதிர்ப்படியில் உட்கார்ந்தால் சதுக்கம் முழுவதும் தெரியும், அம்மாவுக்கு நல்ல இடம்.

பக்கத்தில் கவுன்சிலர்களின் மதுக்கூடத்து முகப்பில் கடிகாரம். காலை 10 முதல் இரவு 10 வரை மணிக்கொரு தரம் இரண்டு சன்னல் திறக்கும். ஒன்றில் தளபதி டில்லி, மற்றதில் முன்னாள் மேயர் நூஷ் குடுவையைத் தூக்கிக் குடிப்பார். 1631இல் ஊரைப் பிடித்த டில்லி, மூன்றேகால் லிட்டர் மதுவை ஒரே மூச்சில் குடித்தால் ஊரை அழிக்காமல் விடுகிறேன் என்றானாம். பிடித்தது வரலாறு, குடித்தது கதை. பொம்மை அசைவது ஓரிரு நிமிடம், அதுவும் ஆமை வேகம். இதற்காகக் கால் மணி முன்னதாக வந்து இடம் பிடிக்காதீர்கள். அந்த வழியாகப் போகும்போது மணி அடித்தால் நிமிர்ந்து பாருங்கள், போதும்.

நேரம் ஒதுக்க வேண்டியது யாக்கோபு தேவாலயத்துக்கு. 1311இல் தொடங்கி 1484 வரை கட்டினார்கள். அதன் மேற்குப் பகுதிக்கு அடியில் தெருவே புகுந்து போகிறது, கிளிங்கன் வாசலுக்குப் போகும்போது அதற்குள் நுழைந்துதான் போவீர்கள். நுழைவுக் கட்டணம் உண்டு. ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்.

பலரும் பிரதான பீடத்தைப் பார்த்துவிட்டு "முடிந்தது" என்று வெளியே வந்துவிடுகிறார்கள். மரச்சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடரின் திருஇரத்தப் பீடம் கீழே இல்லை. பின்பக்கம் படியேறி மேற்கு மாடத்துக்குப் போக வேண்டும். 1500 முதல் 1505 வரை செதுக்கியது. லிண்டன் மரம், வண்ணம் பூசாதது. கடைசி இராப்போசனக் காட்சியில் நட்ட நடுவில் நிற்பது இயேசு இல்லை, யூதாஸ். கையில் பணப்பை. அந்த உருவத்தைத் தனியே கழற்றி எடுக்கலாம், எடுத்தால் பின்னால் இயேசுவின் மடியில் சாய்ந்திருக்கும் யோவான் தெரிவார். பெட்டியின் பின்புறம் சிறு கண்ணாடிச் சன்னல்கள் வைத்திருப்பதால் மேற்கு வெளிச்சம் உருவங்களுக்குப் பின்னாலிருந்து கசியும். எனவே மதியத்துக்கு மேல் போங்கள். காலையில் போனால் வெறும் மரமாகத் தெரியும். மேலே தேவதைகள் தாங்கும் சிலுவையில் படிகக் குமிழ் ஒன்று இருக்கிறது, அதற்குள் இருக்கும் திருஇரத்தம் எனப்படும் புனிதப் பொருளுக்காகத்தான் பீடமே.

சாம்பார்சாதம்

சாப்பாட்டுப் பொறுப்பு என்னோடது.

ஃபிராங்கன் வட்டாரம்னா பன்றியும் சாஸேஜும்தான். ஆனா சைவம் கிடைக்காம இல்லை, ஏமாறாம இருந்தா போதும். மவுல்டாஷன் பார்க்கக் கொழுக்கட்டை வகை மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பாலும் இறைச்சி. ஃபிளாம்கூஹன்ல வழக்கமா பன்றிக்கொழுப்புத் துண்டு இருக்கும். உருளைக்கிழங்கு சூப்புலகூட போடுவாங்க, சாலட் மேலயும் தூவுவாங்க. "ஓனே ஷ்பெக், ஓனே ஃப்ளைஷ்" (பன்றிக்கொழுப்பு, இறைச்சி வேண்டாம்) ரெண்டையும் சொல்லணும். "வெஜிடாரிஷ்"னு மட்டும் சொன்னா சில இடத்துல கோழி, மீன் பத்தித் திரும்பக் கேப்பாங்க.

நம்பி ஆர்டர் பண்ணக்கூடியது: கேஸெ ஷ்பெட்ஸ்லெ (சீஸ் போட்ட சின்ன மாவு நூடுல், மேலே வறுத்த வெங்காயம்), ஆப்பிள் கூழோட வர்ற கார்ட்டோஃபல்புஃபர், செப்டம்பர்ல காளான் குழம்போட ரொட்டி உருண்டை. காளான் குழம்பு இறைச்சிச் சாறுல செஞ்சதான்னு கேட்டுக்கோங்க. ஷ்பெட்ஸ்லெல முட்டை உண்டு, முட்டை ஆகாதவங்க தவிர்க்கணும்.

நேரம் ரொம்ப முக்கியம். நிறைய சமையலறை மதியம் 2 மணிக்கு மூடினா சாயங்காலம் 5க்குத்தான் திறக்கும். ராத்திரி எட்டரைக்கு மேல சூடா ஒண்ணும் கிடைக்காது. ஞாயிறு சூப்பர்மார்க்கெட் கிடையாது. குழாய்த் தண்ணி தாராளமா குடிக்கலாம், ஆனா உணவகத்துல இலவசமா வைக்க மாட்டாங்க, பாட்டில் நிரப்பி வச்சுக்கோங்க.

அப்புறம் அந்த ஷ்னேபால். கண்ணாடிப் பெட்டி பூரா உருண்டை உருண்டையா அடுக்கி வச்சிருப்பாங்க. மாவைத் தட்டி, பட்டை பட்டையா கீறி, பந்தாச் சுருட்டி, மூடுற கரண்டிக்குள்ள வச்சு எண்ணெயில பொரிக்கிறது. ருசி நம்ம சோமாஸ் மேல்மாவுதான், உள்ளே பூரணம் இல்லாம. ஒண்ணு வாங்கினா மூணு பேருக்குப் போதும். சர்க்கரைத் தூளோ பட்டைத் தூளோ போட்டது வாங்குங்க, சாக்லேட் முக்கினது மொத்தமா இனிப்பு. நேராக் கடிச்சா சட்டையெல்லாம் மாவு. பையோட வச்சு கையால நொறுக்கிட்டுச் சாப்பிடணும். சைவக்காரங்க பொரிக்கிற எண்ணெய் என்னன்னு கேட்டுட்டு வாங்குங்க.

வடமராட்சியான்

ஷ்னேபால் ஊரின்ரை அடையாளம், அதை இப்பிடி இளக்காரமாச் சொல்லாதேங்கோ. பேக்கரியிலை அண்டைக்குச் செய்தது எண்டால் நல்லாத்தான் இருக்கும். சதுக்கத்தடியிலை சுற்றுலா ஆக்களுக்கெண்டு கிடக்கிறதை வாங்கிப்போட்டு குறை சொல்லப்படாது.

பையனுக்கு ஒரு இடம் விட்டுட்டியள். தெற்கு முனையிலை ஷ்பிட்டால் கொத்தளம். 8 எண்ட இலக்க வடிவத்திலை ரெண்டு வட்ட முற்றம், ஏழு வாசல். உள்ளுக்கை போய் மேலை ஏறினால் பழைய பீரங்கித் துளையள், இருட்டுப் படியள். சனம் புளோன்லைனோடை திரும்பிவிடும், இங்கை வராது. வெளிவாசலின்ரை உச்சிக் கல்லிலை 1586 எண்டும், "உள்ளே வருவோர்க்கு அமைதி, வெளியே செல்வோர்க்கு நலம்" எண்டு லத்தீனிலையும் வெட்டியிருக்கு.

சித்திரவதை அருங்காட்சியகம் எண்டு சனம் சொல்லுற குற்றவியல் அருங்காட்சியகத்துக்கு 9 வயசுப் பிள்ளையைக் கூட்டிப் போறதைப் பற்றி என்ன நினைக்கிறியள்?

கல்தச்சன்

பழைய யோவான் சபை மடத்தில், புர்க்காஸ்ஸ தெருவில் இருக்கிறது. பெயருக்கு ஏற்ற பயங்கரம் அவ்வளவு இல்லை. பாதிக்கு மேல் சட்டப் புத்தகங்கள், முத்திரைகள், ஊரார் முன் வெட்கப்படுத்த மாட்டிய முகமூடிகள். 9 வயதுக்கு முகமூடி அறை பிடிக்கும், சித்திரவதைக் கருவி அறையை வேகமாகக் கடந்துவிடலாம். இரும்புக் கன்னி (உள்ளே முள் வைத்த ஆளுயரக் கூடு) என்று எல்லோரும் படம் எடுப்பது உண்மையில் அவமான அங்கி, உள்ளே உள்ள முட்கள் பிற்காலத்தில் சேர்த்தவை. ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். உங்கள் 26 மணி நேரத்தில் மழை வந்தால் மட்டும் போங்கள்.

பதிலாக ஷ்ரானன்பிளாட்ஸ், வெள்ளைக் கோபுரம் பக்கம் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இடைக்காலத்தில் யூத அறிஞர் ரபி மெயிர் பென் பாரூக் போதித்த ஊர் இது. அவர் 1293இல் சிறையில் இறந்தார். 1520இல் யூதர்களைத் துரத்தினார்கள். பிறகு மீண்டும் வந்து குடியேறியவர்களை 1938 அக்டோபரில், நாடெங்கும் யூதர்களைத் தாக்கிய நவம்பர் வன்முறைக்கும் முன்பே, ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். பழைய இடுகாட்டின் எபிரேயக் கல்வெட்டுகள் வெள்ளைக் கோபுரத்தை ஒட்டிய சுவரில் பதித்திருக்கின்றன. பக்கத்தில் யூடன்காஸ்ஸ, யூதர் தெரு. பொம்மைக் கடைகளோடு திரும்பிவிடுகிறவர்கள் இந்தத் தெருவுக்குள் நுழைவதே இல்லை.

நடைவண்டி

நன்றி, நன்றி. இரண்டு சந்தேகம். புளோன்லைன் படம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வருகிறதே, எங்கே நின்று எடுக்கிறார்கள்? ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டுமா?

மதில்மேல்பூனை

புளோன்லைன்: ஷ்மீட்காஸ்ஸயில் தெற்கைப் பார்த்து நின்றால், நடுவில் சாய்ந்த மஞ்சள் நிற மரச்சட்ட வீடு, முன்னால் சின்ன நீரூற்று. இடது தெரு மேலே ஏறி ஸீபர்ஸ் கோபுரத்துக்கு, வலது தெரு கீழே இறங்கி கோபோல்ட்ஸெல்லர் வாசலுக்கு. இரண்டு கோபுரமும் சட்டத்துக்குள் வர வேண்டுமானால் கவட்டையிலிருந்து 15, 20 அடி பின்வாங்கி, தெருவின் நடுவில் நிற்க வேண்டும். வண்டி வரும், பார்த்து. நாம் தெற்கைப் பார்த்து நிற்பதால், நம்மைப் பார்த்த வீட்டு முகப்பில் செப்டம்பர் கடைசியில் நேர் வெயில் விழாது. நடுப்பகலில் சூரியன் கோபுரத்துக்கு மேலே நின்று வானத்தை வெள்ளையாக்கிவிடும். அதனால்தான் உதயத்தை ஒட்டியோ, விளக்கு போட்ட பின்னோ, மேகமூட்டத்திலோ எடுக்கச் சொல்கிறேன்.

பள்ளத்தாக்கு: கோபோல்ட்ஸெல்லர் வாசல் வழியே இறங்கினால் இரட்டை அடுக்கு வளைவுப் பாலம், அங்கிருந்து ஆற்றோரமாக மேயர் டோப்ளர் 1388இல் கட்டிய கோபுர வீடு, பிறகு டெட்வாங் கிராமம். அங்குள்ள சிறு தேவாலயத்திலும் ரீமன்ஷ்னைடர் பீடம் ஒன்று உண்டு. பாதை அருமை, ஆள் நடமாட்டம் குறைவு. ஆனால் இறங்கிய அத்தனையையும் ஏற வேண்டும், சுற்று முழுக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். அம்மாவோடு வேண்டாம். அந்தக் காட்சியை மேலிருந்தே பார்க்கலாம்: புர்க்கார்டன். 1142இல் எழுந்த அரச கோட்டை 1356 நிலநடுக்கத்தில் விழுந்தது, இப்போது பூங்கா, பிளாசியுஸ் சிற்றாலயம் மட்டும் மிச்சம். சதுக்கத்திலிருந்து ஹெர்ன்காஸ்ஸ வழியே படியே இல்லாத பாதை. பூங்காவின் தெற்கு விளிம்பில் மாலை 6 மணிக்கு நில்லுங்கள். மேற்கு வெயில் ஷ்பிட்டால் பகுதி வீடுகள் மேல் முழுசாக விழும். செப்டம்பர் கடைசியில் 7 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

பூங்காவுக்குள் நுழையும் வாசலில் நிமிர்ந்தால் கல் முகம் ஒன்று வாயைத் திறந்திருக்கும், எதிரி மேல் கொதிக்கும் கீல் ஊற்ற. பெரிய கதவுக்குள் ஓர் ஆள் மட்டும் நுழையும் சின்னக் கதவும் உண்டு. பையன் விடமாட்டான்.

தண்டவாளம்

ராத்திரி 8 மணிக்கு சதுக்கத்திலிருந்து இரவுக்காவலர் சுற்று (பழைய காவலர் வேடத்தில் ஒருவர் ஊரைச் சுற்றிக் காட்டுவார்), ஆங்கிலத்தில். பருவ காலத்தில் தினமும் உண்டு, முன்பதிவு இல்லை, முடிவில் ரொக்கமாகப் பணம். கைடு வேண்டாம் என்றீர்கள், ஆனால் ஒரு மணி நேரம்தான், பையனுக்குப் பிடிக்கும். தங்குவதால் உங்களுக்குக் கடைசி ரயில் கவலை இல்லை. பகலில் வந்து திரும்புகிறவர்கள் ஷ்டைனாஹ் இணைப்பை முன்பே பார்க்காமல் இதில் சேரக் கூடாது. இரவு உணவை 6.45க்கே முடித்துவிடுங்கள், சுற்று முடிந்து வரும்போது அடுப்பு அணைந்திருக்கும்.

சாம்பார்சாதம்

அப்போ புர்க்கார்டன் சூரிய வெளிச்சமும் 6.45 சாப்பாடும் இடிக்குதே?

மதில்மேல்பூனை

பூங்காவை 5.30க்கு மாற்றுங்கள், வெளிச்சம் அப்போதும் மேற்கிலிருந்துதான். 6.15க்கு அங்கிருந்து கிளம்பினால் ஹெர்ன்காஸ்ஸயிலேயே சாப்பிட்டுவிட்டு 8 மணிக்கு சதுக்கத்தில் நிற்கலாம். யாக்கோபு தேவாலயத்தை அதற்கு முன் 4 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் 7.15 புளோன்லைன், 8 மணிக்கு ரோடர் வாசலிலிருந்து வடக்கு மதில், கிளிங்கன் வாசலில் இறக்கம், வெள்ளைக் கோபுரம், பிறகு சதுக்கம். 12.30க்குச் சாப்பிட உட்கார்ந்தால் 1.35க்கு விடுதியில் பையை எடுத்து நிலையத்துக்கு நடக்கலாம். அன்று மழை என்றால் மதிலை விட்டுவிடாதீர்கள், கூரை இருக்கிறது. ஏறும் படிகளில் மட்டும் கைப்பிடியை விடாமல் பிடியுங்கள்.